டாக்டர் சொல்வதாக நாங்கள் எழுதியது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றை மறந்துவிடுவேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கிழவி கோபத்தில் எழுதியிருக்கிறாள் என்று யாருக்காவது தோன்றினால், தோன்றட்டும். கோபத்தில்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், ஈஜோக் பக்கம், தம்பி வீட்டில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது கிடைத்த மலிவு விலை வீடு அது. தம்பி எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். அவன் மனைவி விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறி சுங்கை சோவுக்குப் போய்விடுவாள். அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்குத் தலை பின்னி, பசியாறக் கொடுத்து, பள்ளிக்கு அனுப்பியது நான். என்னைப் போலவே வாய் திறக்காத பெண். ஆனால் படிப்பில் கெட்டி. பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் முடித்ததும் டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படி அடித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பரீட்சை முடிவு வரும்வரை சும்மா இருக்கக் கூடாதென்று டவுனில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலைக்குச் சேர்ந்தாள். டாக்டர் நம்ம ஆள். சில வாரம்தான் கவுண்டரில் இருந்தாள். அப்புறம் டாக்டருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டிலிருந்த இந்தோனேசியப் பணிப்பெண் ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. "கொஞ்ச நாளைக்கு வீட்டுல போயி அம்மாவப் பாத்துக்கம்மா" என்றார் டாக்டர். இவளும் தலையாட்டினாள். கொஞ்ச நாள் என்றது மாதக்கணக்காக நீண்டது. கொடுத்தது என்னவோ அதே கவுண்டர் சம்பளம்தான். ஞாயிற்றுக்கிழமை போனதற்கும், இருட்டின பிறகு வந்ததற்கும் ஒன்றும் இல்லை. இவளும் கேட்கவில்லை.

அந்த அம்மாளைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் இவள்தான். டாக்டரின் பிள்ளைகள் இரண்டும் ஆஸ்திரேலியாவில். பாட்டியைப் போனில் பார்த்து ஹாய் சொல்லும்.

அந்த அம்மாள் யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியின் மனைவி. கிராணியம்மா என்போம்.

நான் ஆறாம் வகுப்பு தேறிய வருஷம், வாத்தியார் வீட்டுக்கு வந்து, பெண்ணை டவுனில் இடைநிலைப் பள்ளிப் புகுமுக வகுப்புக்கு அனுப்புங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். டவுன் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் தோட்டத்து லோரியில்தான் போக வேண்டும். யாரை ஏற்றுவது என்பது கிராணியின் கையில். அந்தச் சமயத்தில் கிராணியம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னாள்: "ஒம்மவ படிச்சு என்னாத்தக் கிழிக்கப் போறா? எம்புள்ளையத் தூக்க ஆள் இல்ல. நாளையிலேருந்து அனுப்பி வையி."

லோரியில் இடம் இல்லை என்று கிராணியும் சொல்லிவிட்டார். மறு வாரம் நான் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிராணி வீட்டு வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். லோரி என் எதிரில்தான் போனது. பாதி காலி.

அந்தக் குழந்தைதான் இந்த டாக்டர். நான் மருந்து வாங்கப் போகும்போதெல்லாம் "வாங்க ஆன்ட்டி" என்பார். எல்லாக் கிழவிகளையும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் யாரென்று அவருக்குத் தெரியாதோ, தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தாரோ, இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. தம்பி மகளிடமும் சொல்லாமலே வைத்திருந்தேன்.

முடிவு வந்தது. நல்ல மார்க். ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு மனு போட்டாள். ஓர் அறக்கட்டளை பாதிக் கட்டணத்துக்கு மேல் கொடுக்குமாம். அது கிடைக்காவிட்டால் தம்பி லோரியோடு தன்னையும் சேர்த்து விற்றாலும் கட்டி முடியாது. அந்த அறக்கட்டளைக்கு ஒரு டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இந்தப் பெண் நோயாளியைத் தன் கையால் பார்த்துக்கொண்டாளா, முகம் சுளிக்காமல் செய்தாளா என்று அவர் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். எங்களுக்குத் தெரிந்த டாக்டர் அவர் ஒருத்தர்தான்.

போய்க் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிள் சாவியைக்கூட வைக்காமல் நின்றாள்.

"என்னாடி, மாட்டேன்னுட்டாரா?"

"இல்ல அத்தை. நீயே எழுதிக் கொண்டா, நான் சைன் போட்டுடறேன்னாரு."

"அவரு குடுக்கற கடிதாசிய நீ எப்படிடி எழுதுவ?"

"எல்லாரும் இப்படித்தான் லா. என் ஃபிரண்டுக்கு அவங்க லெக்சரர்கூட இப்படித்தான் சொன்னாரு."

"வேற என்னா சொன்னாரு?"

சாவியை மேசையில் வைத்தாள். "மெடிசின் எதுக்கும்மா, நர்சிங் போயேன், ஒங்க குடும்பத்துக்கு அதுவே பெருசுன்னாரு."

நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அடுப்பைத் துடைத்தேன். அம்மா வாசலில் நின்று சொன்னதை மகன் ஏர்கான் போட்ட அறையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் மத்தியானம் அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். நான் எதிரில் செகிஞ்சானிலிருந்து வந்த நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். எழுதுவாள், அழிப்பாள். கடைசியில் நாலு வரி ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் சொல்லு என்றேன்.

"இவள் நேரத்துக்கு வருவாள். மரியாதை தெரிந்தவள். கொடுத்த வேலையைச் செய்வாள். வேலைக்கு ஏற்றவள்."

"ஆட்டுக்குட்டி விக்கிறதுக்கு எழுதன மாதிரி இருக்கு."

"என்னைப் பத்தி நானே எப்படி அத்தை எழுதறது? வெக்கமா இருக்கு."

பிறகு போனிடம் கேட்டாள். இப்போதெல்லாம் போனே எழுதிக் கொடுக்கிறது. அரை நிமிஷத்தில் ஒரு பக்கம் வந்துவிட்டது. அதையும் தமிழில் சொன்னாள். இளம் வயது முதலே மனித குலத்துக்குத் தொண்டாற்றும் தீராத தாகம் கொண்டவள் என்று ஆரம்பித்தது.

"யாருடி அது?"

"நான்தான்."

"நீயா? இளம் வயசுல நீ ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவ. ஒங்கப்பன் தொடப்பக் கட்டைய விட்டுல்ல ஒன்ன வெளிய தள்ளுனான்."

சிரித்துவிட்டாள். சிரித்ததும் கை இலகுவானது. நீங்கள் சொல்லுங்கள் அத்தை, நான் எழுதுகிறேன் என்றாள்.

எங்கள் வீட்டில் யாரையும் வாய்விட்டுப் பாராட்டிப் பழக்கம் இல்லை. பிள்ளை முதல் மார்க் வாங்கி வந்தாலும், சோத்தைத் தின்னு என்றுதான் சொல்வோம். எங்கே ஆரம்பிப்பதென்று எனக்கும் தெரியவில்லை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கடிதத்தில் 'நான்' என்று வருவது இவள் இல்லை, டாக்டர். நாங்கள் என்ன எழுதினாலும் அதை அவர் சொன்னதாக ஆகும். கிராணி வீட்டு மகன் வாயில் நான் வார்த்தையை வைக்கலாம். நெத்திலியை அப்படியே தள்ளி வைத்தேன்.

"எழுதிக்க. என் தாயார் படுக்கையில் விழுந்தபோது நான் இருந்தேன், என் மனைவி இருந்தாள், ஆனால் அவரைக் கழுவிச் சுத்தம் செய்தது இந்தப் பெண்தான்."

பேனா நின்றுவிட்டது.

"எழுதுடி. என் சொந்தப் பிள்ளைகள் போனில் பார்த்தார்கள். கிளினிக்குக்கு என்று வேலைக்கு எடுத்தவளை வீட்டுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொன்னேன். இவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை."

"அத்தை, இதுல அவரு சைன் போடவே மாட்டாரு."

"போடட்டும், போடாமப் போகட்டும். வாசிப்பாரில்ல?"

"போடலன்னா எனக்கு சீட்டு இல்ல அத்தை." மெதுவாகத்தான் சொன்னாள். "ஒங்களுக்கு அவருமேல என்னா கோவம்?"

அப்போதுதான் அவளிடம் லோரிக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, "சரி, மறுபடி சொல்லுங்க" என்றாள்.

ஆனாலும் அவள் புத்திசாலி. நான் திட்டியதையெல்லாம் எடுத்துவிட்டாள். மனைவியும் போனில் பார்த்த பிள்ளைகளும் கடிதத்திலிருந்து போனார்கள். தான் செய்ததை மட்டும் வைத்தாள். வீட்டில் செய்ததை எழுதித்தான் ஆக வேண்டும் என்றாள். அவர்கள் கேட்பது நோயாளியைப் பார்த்த அனுபவம். கிளினிக்கில் மருந்துப் பையில் பேர் ஒட்டியதுதான் இவள் செய்தது. அவர் மறைக்க நினைக்கிற இடத்தில்தான் இவளுடைய தகுதி இருந்தது. அது எனக்கு இனிப்பாக இருந்தது.

எழுதி முடித்து வாசித்தாள். எல்லாம் நல்லதாகவே இருந்தது. எனக்குப் பயம் வந்தது.

"ஒரு கொறையும் எழுது. இவ்வளவு நல்லது எழுதினா கண்ணு பட்டுடும்."

"லெட்டர்ல யாரும் கொறை எழுத மாட்டாங்க அத்தை!"

"கொழந்தைக்கு மை வைக்காம வெளிய தூக்கிட்டுப் போவாங்களா?"

சிணுங்கினாள். என்ன குறை எழுதுவதென்று இரண்டு பேரும் யோசித்தோம். சமைக்கத் தெரியாது என்றாள். அதை எந்த டாக்டர் எழுதுவார்? எனக்குச் சரியானது ஒன்று அகப்பட்டது. இவளிடம் ஒரு குறை உண்டு, செய்த வேலைக்குச் சம்பளம் கேட்கத் தெரியாது. அதைத்தான் எழுத வைத்தேன். மை வைத்த மாதிரியும் ஆயிற்று, அவர் கன்னத்தில் ஒன்று வைத்த மாதிரியும் ஆயிற்று.

புதன்கிழமை எனக்குப் பிரஷர் பார்க்கும் நாள். இவளோடு மோட்டாரில் நானும் போனேன். மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், அன்றைக்கு லீவு. டாக்டரே என் கையில் பட்டையைச் சுற்றி மிஷினைத் தட்டினார். இவள் கடிதத்தை நீட்டினாள்.

"வாசிம்மா, கேட்டுக்கிட்டே இருக்கேன். வெளிய ஆள் நெறைய இருக்கு."

ஆங்கிலத்தில் வாசித்தாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எதற்குப் பின்னால் எது வரும் என்று தெரியும். 'மதர்' என்ற சொல் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். பட்டை கையை இறுக்கியது. அவர் மிஷினைப் பார்க்கவில்லை.

"நிறுத்து. வீட்டு விஷயமெல்லாம் எதுக்கு இதுல?"

இவள் தலை குனிந்துகொண்டாள். கதவு திறந்திருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். இவள் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் நாலு பேர் முன்னால் வார்த்தை வராது. ஆனாலும் வந்தது.

"எது பொய்யோ அத வெட்டிடுங்க, டாக்டர்."

அன்றைக்குத்தான் அவர் என்னை நேராகப் பார்த்தார். "பொய்ன்னு சொல்லல ஆன்ட்டி. பெர்சனல். கிளினிக்ல பேஷண்ட பாத்துக்கிட்டான்னு மாத்திக்கலாமே."

"பாக்கலையே டாக்டர்" என்றாள் இவள். "இன்டர்வியூல கேட்டா நான் என்னா சொல்வேன்?"

"நெசத்துல கையெழுத்துப் போட மாட்டீங்க, பொய்யில போடுவீங்களா?" என்றேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தாளை இவள் கையிலிருந்து வாங்கித் தானே வாசித்தார். கடைசி வரியில் விரலை ஊன்றினார்.

"இது என்னா? சம்பளம் கேக்கத் தெரியாதுன்னு? இத எடு. இது ஒனக்குத்தான் கெடுதல்."

"அது மை டாக்டர். கண்ணு படாம இருக்கறதுக்கு" என்றேன்.

"என்ன ஆன்ட்டி வெளையாடறீங்களா?"

"இருக்கட்டும் டாக்டர்" என்றாள் தம்பி மகள். தலை குனிந்தபடியே. "கொறைதானே. நெசந்தானே."

அந்த வரியை வேண்டாம் என்று முதலில் சிணுங்கியவளே அவள்தான்.

மிஷின் கீச்சென்றது. "பிரஷர் ஏறியிருக்கு. மாத்திரையக் கூட்டணும்" என்றார்.

"கூட்டுங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். முத்திரையை எடுத்து ஒரே குத்தாகக் குத்தினார். மேசை ஆடியது.

நேர்காணல் கோலாலம்பூரில் நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஒரு வயதான டாக்டரம்மா அந்தக் குறையைக் காட்டி, இதை உங்கள் டாக்டரா எழுதினார் என்று கேட்டாராம். இவள் மறைக்கவில்லை. எழுதச் சொன்னது அவர், எழுதியது நானும் என் அத்தையும், வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டது அவர் என்று சொல்லிவிட்டாள். ஒருத்தர் சிரித்தாராம். அந்த அம்மாள் சிரிக்காமல், இடுப்பு முறிந்தவரை எப்படிப் புரட்டுவாய் என்று கேட்டாராம். இவள் பக்கத்திலிருந்த ஆளைக் கேட்டுக்கொண்டு, அவரை நாற்காலியிலேயே சாய வைத்துச் செய்து காட்டியிருக்கிறாள். சில வாரம் கழித்து இடம் கிடைத்ததென்று செய்தி வந்தது. உதவிப் பணமும் வந்தது.

இத்தோடு என் கோபம் ஆறியிருக்கலாம். கோயில் அன்னதானத்தில் அதைக் கெடுத்தது டாக்டர்தான். நான் பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நாலு பேரோடு உட்கார்ந்து சொல்கிறார்: "நம்ம கிளினிக் புள்ளதாங்க அவ. நான்தான் மெடிசின் போன்னு புடிச்சுத் தள்ளுனேன். லெட்டர்கூட நானே உக்காந்து எழுதிக் குடுத்தேன்." எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் அவர் இலையில் சோற்றைப் போட்டேன். நிறையவே போட்டேன். அங்கே எனக்கு நாக்கு எழும்பவில்லை.

மறுநாள் காலை, அவர் கிளினிக்கில் இருக்கும் நேரம் பார்த்து, அவர் வீட்டுக்குப் போனேன். தம்பி மகள் கல்லூரிக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. அவளிடம் கடிதத்தைத் தமிழில் எழுதி வாங்கிப் பையில் வைத்திருந்தேன். டாக்டரின் மனைவி கதவைத் திறந்து, அம்மாவைப் பார்க்கவா, போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனில் பேசப் போய்விட்டாள்.

கிராணியம்மா கட்டிலில் கிடந்தாள். உடம்பு கூடாய்ப் போயிருந்தது, ஆனால் கண்ணும் காதும் அப்படியே. யார் என்றாள். சொன்னேன். அப்பா பேரைச் சொன்னதும் புரிந்துகொண்டாள்.

"தூக்குற புள்ளையா நீ? ஒக்காரு."

நாற்காலி இருந்தது. நான் உட்காரவில்லை. உங்கள் மகன் கையெழுத்துப் போட்ட கடிதம், கேளுங்கள் என்று சொல்லிக் கடைசி வரை வாசித்தேன். என் வாசிப்பு தட்டுத்தடுமாறித்தான் வரும். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். சம்பளம் கேட்கத் தெரியாது என்ற இடத்தில் மட்டும் கண்ணை மூடினாள்.

"இது எம்மவன் எழுத்து இல்ல" என்றாள்.

"இல்ல. கையெழுத்து மட்டும்தான் அவருது. எழுதுனது நாங்க. எங்க புள்ள டாக்டருக்குப் படிக்கப் போறா."

அப்புறம் சொன்னாள், கொஞ்சமும் குரல் இறங்காமல்: "அன்னைக்கு நீ பள்ளிக்கூடம் போயிருந்தா எம்புள்ளைய யாரு தூக்கியிருப்பா?"

மன்னிப்புக் கேட்பாள் என்று நான் வரவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கஷ்டமாகப் போயிருக்கும். கேட்காதது நல்லதாயிற்று.

"அத விடுங்க" என்றேன். "எங்க புள்ள பொட்டி கட்டிட்டா. நாளக்கழிச்சு ஒங்கள யாரு தூக்குவா?"

பேம்பர்ஸ் மாற்ற வேண்டிய வாடை அறையில் வந்துகொண்டிருந்தது. எனக்கு மாற்றத் தெரியும். மாற்றாமல், கடிதத்தை மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். கால் வலிக்கவே இல்லை.

எழுதியது இவ்வளவுதான். தம்பி மகள் லீவுக்கு வரும்போது இதை ஒரு தடவை பார்க்க வேண்டும். நேர்காணலில் மூன்று பேரா நாலு பேரா, யாரைச் சாய வைத்துக் காட்டினாள் என்பதெல்லாம் அவள் சொல்லக் கேட்டதுதான், தப்பாக இருக்கலாம். டாக்டர் ஆங்கிலம் கலந்து பேசியதை நான் எழுதியிருப்பதும் சரிதானா தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் அப்போது இருந்தவர்கள் யாராவது வாசித்தால், லோரி எந்த மாதம் ஓடத் தொடங்கியது, அதில் எத்தனை பிள்ளைகள் போனார்கள் என்று விசாரித்துச் சரிபார்த்துக் கொடுங்கள். பாதி காலியாகத்தான் போனது. அதை மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.